எந்தச் சூக்கா?

அத்தியாயம் 14

போன வாரம் பிரிஜெட்டை எங்கே விட்டுவிட்டு வந்தோம்? மேடையில். கையில் மைக், எதிரே முந்நூறு பேர், பக்கத்தில் வெள்ளை வேட்டி சட்டையில் அவள் கணவன் காளிதாசன். புக்கிட் செலாரி சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு இன்னும் நான்கே நாள். அந்த நேரம் பார்த்துக் கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

"உன் புருசன் சூக்கா ஊத்துனவன்தானே? அவன் பொண்டாட்டிக்கு நாங்க ஓட்டுப் போடணுமா?"

வேறு வேட்பாளராக இருந்தால் வேர்த்துக் கொட்டியிருக்கும். பிரிஜெட் வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஆமா லா, ஊத்துனாரு! கல்யாண வீட்டுல, ஊறுகாய்க்கு வச்சிருந்த புளிப்புச் சூக்கா. விளையாட்டா ஊத்துனது கூட்டாளி கண்ணுல பட்டுருச்சு. ரெண்டு செம்பு தண்ணி அள்ளி ஊத்துனா முடிஞ்சு போற விஷயம். இருவது வருசம் கழிச்சு அதையா தூக்கிட்டு வர்றீங்க? வேற ஒண்ணும் கிடைக்கலையா?"

முன்வரிசை கொல்லென்று சிரித்தது. ஆனால் பின்னால் மோட்டார் சைக்கிள்களில் சாய்ந்து நின்ற தோட்டத்து ஆட்கள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஒரு பெரியவர் காறித் துப்பிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். பிரிஜெட் அதைப் பார்த்தாள். எதிர்க்கட்சிக்காரராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அடிப்பாவி, அந்தச் சிரிப்பை மட்டும் அடக்கியிருந்தால் இந்த வாரம் எழுத எனக்கு இவ்வளவு ரத்தம் இருந்திருக்காது.

மறுநாள் காலை ஏழரை மணி. மெர்போக் கடைத்தெருவில் கட்சியின் தேர்தல் நடவடிக்கை அறை அப்போதுதான் திறந்திருந்தது. பிரிஜெட்டின் தம்பி எர்னஸ்ட் வாசலில் ஏணி போட்டு, அக்காவின் படம் போட்ட பதாகையைக் கட்டிக்கொண்டிருந்தான். உள்ளே மாமியார் மருதம்மாள் தொண்டர்களுக்காக அண்டா நிறைய மீகூன், அரிசிச் சேமியா, பிரட்டிக்கொண்டிருந்தாள். பிரிஜெட் வாசலுக்கு வந்து, "கொஞ்சம் சோத்தாங்கைப் பக்கம் தூக்குடா" என்று தம்பிக்குச் சொன்னாள்.

ஒரு மோட்டார் சைக்கிள் வந்து வேகம் குறைந்தது. ஓட்டி வந்தவன் இடது கையில் மூடி திறந்த பிளாஸ்டிக் போத்தல் இருந்தது.

"இந்தா, ஊறுகாய் போட்டுக்க!" என்று கத்திக்கொண்டே வீசினான்.

போத்தல் ஏணியில் பட்டுச் சிதறியது. எர்னஸ்ட் அலறிக்கொண்டு கீழே விழுந்தான். முழங்கையிலிருந்து கழுத்துவரை சட்டை நனைந்திருந்தது. மூக்கைக் குத்திக் கிழிக்கிற வாடை. சிமெண்டுத் தரையில் நுரை பொங்கியது. எர்னஸ்ட் கழுத்தைத் தேய்த்தான். தேய்த்த இடத்தில் தோல் வெளுத்துச் சுருங்கி அவன் விரலோடு வந்தது.

"அக்கா! எரியுதுக்கா! ஐயோ, எரியுது!"

பிரிஜெட்டுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மருதம்மாள்தான் கரண்டியைப் போட்டுவிட்டு ரப்பர்க் குழாயை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"சூக்கா! சூக்காடா இது! தேய்க்காதே, கையை எடு! சட்டையக் கிழி! தண்ணிய நிறுத்தாதே பிரிஜி, ஊத்திக்கிட்டே இரு!"

பிரிஜெட் குழாயை வாங்கிப் பிடித்தாள். "என்ன அத்தை சொன்னீங்க? இதுவா சூக்கா?"

"பின்ன வேற என்ன? ரப்பர்ப் பால் உறைய ஊத்துவோமே, அந்தச் சூக்கா. தண்ணி கலக்காம அப்படியே கொண்டாந்து அடிச்சிருக்கான், படுபாவி."

பிரிஜெட் அலோர் ஸ்டாரில், அரசாங்கக் குமாஸ்தா வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்குத் தெரிந்த சூக்கா சமையலறை அலமாரியில் இருக்கும் வினிகர். கிறிஸ்மஸுக்கு அவள் அம்மா வெள்ளரிக்காய் அச்சார் போடும்போது அரைக் கிண்ணம் ஊற்றுவாள். ரப்பர்த் தோட்டத்தில் அதே சொல்லுக்கு ஆசிட் என்று வேறு பொருள் இருக்கிறது என்று நாற்பத்தொரு வயதுவரை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்டதில்லை.

"அத்தை, அப்படின்னா அன்னைக்கு உங்க மகன் ஊத்துனது..."

"தண்ணியப் பிடி" என்றாள் மருதம்மாள். தலையைத் தூக்கவில்லை.

தெருமுனையில் கூச்சல் கேட்டது. தப்பி ஓடப் பார்த்தவன் திருப்பத்தில் சறுக்கிக் கால்வாயில் விழுந்திருந்தான். பின்பக்கத்திலிருந்து ஓடிப்போன காளிதாசன் அவனைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து, அவன் தலையிலிருந்த ஹெல்மெட்டையே கழற்றி, அதாலேயே முகத்தில் அடித்தான். ஒரு அடி. இரண்டு. மூன்றாவது அடியில் பல் தெறித்தது.

"டேய் விடுடா! பிச்சை மவன் வசந்தன்டா அது!" என்று மருதம்மாள் அங்கிருந்தே கத்தினாள்.

தன் கையால் சூக்கா வாங்கிய அந்தப் பழைய கூட்டாளி பிச்சையின் மகன் என்று தெரிந்ததும் காளிதாசன் இன்னும் ஓங்கி அடித்தான். பிரிஜெட் குழாயை மாமியாரிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் முழங்கையால் ஒரு இடி இடித்தான். அவள் கால்வாய் விளிம்பில் போய் விழுந்தாள். உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. யாரென்று அவன் பார்த்தான். பார்த்துவிட்டு, மறுபடி திரும்பி வசந்தனை மேலும் இரண்டு அடி அடித்தான்.

அந்த இரண்டு அடியைத்தான் பிரிஜெட்டால் மறக்க முடியவில்லை.

நான்கு பேர் சேர்ந்து காளிதாசனைப் பிரித்தார்கள். எர்னஸ்டை ஒரு காரிலும், தாடை தொங்கிப்போன வசந்தனை இன்னொரு காரிலும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். கட்சியின் கிளைத் தலைவர் தர்மலிங்கம் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும் மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லதாப் போச்சு லா! வேட்பாளர் தம்பி மேல ஆசிட்! உடனே ரிப்போர்ட் பண்ணுங்க. கட்டுப் போட்ட கையோட சாயங்காலம் தம்பிய மேடையில உட்கார வச்சா, அஞ்சாயிரம் ஓட்டு நம்ம பக்கம்."

பிரிஜெட் பின்பக்கம் போனாள். காளிதாசன் குழாயடியில் கை முட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"எந்தச் சூக்கா?" என்று கேட்டாள்.

"என்னது?"

"பிச்சை மேல நீங்க ஊத்துனது எந்தச் சூக்கா?"

"சூக்கான்னா சூக்காதான். அதுல என்ன எந்த?"

"கல்யாணத்துக்கு முந்தி அலோர் ஸ்டார்ல வச்சு என்கிட்ட சொன்னீங்க. கூட்டாளி ஒருத்தன் மேல சூக்கா ஊத்திட்டேன், போலீஸ் வரைக்கும் போச்சுன்னு. ஊறுகாய்க்குப் போடுற சூக்காவான்னு கேட்டேன். நீங்க 'ம்'னு சொன்னீங்க."

காளிதாசன் குழாயை மூடினான். "நீயா அப்படி நினைச்சே. நினைச்சுட்டுப் போன்னு விட்டுட்டேன்."

பதினைந்து வருஷக் குடும்பம். அத்தனையும் ஒரு 'ம்' மேல் நின்றிருக்கிறது.

"எனக்கு அப்ப இருவத்திரண்டு வயசு" என்றான் அவன். "மரத்துல காஞ்சு கெடந்த ஒட்டுப்பால ரெண்டு மூட்டை திருடுனேன்னு பிச்சை மேனேஜர்கிட்ட காட்டிக் குடுத்துட்டான். வேலை போச்சு. தோட்டத்து லயத்து வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. ஆத்திரத்துல ஊத்திட்டேன், முடிஞ்சு போச்சு. இப்ப ஓட்டுக் கேக்குறது நீயா நானா? புருசன் எப்பவோ செஞ்சதுக்குப் பொண்டாட்டி ஏன் பதில் சொல்லணும்? நீதானே மேடைக்கு மேடை இதைக் கேட்டே?"

உண்மைதான். மூன்று வாரமாக அவள் கேட்ட கேள்விதான் அது. கேட்டபோதெல்லாம் பெண்கள் கை தட்டினார்கள். இப்போதும் அதில் தவறிருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

"நீங்க ஊத்துனதுக்கு நான் பொறுப்பில்லை" என்றாள். "நேத்து சிரிச்சதுக்கு நான்தான் பொறுப்பு. அந்தக் கல்யாண வீட்டைக்கூட நீங்க சொல்லல. கைதட்டு வரணும்னு நானே சேர்த்துக்கிட்டேன். சாயங்காலம் மேடையில அதைத் திருப்பிச் சொல்லப் போறேன்."

காளிதாசன் ஒரே எட்டில் வந்து அவள் தாடையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். கிழிந்த உதட்டிலிருந்து ரத்தம் அவன் கட்டைவிரலில் வழிந்தது.

"மேடையில வாயத் திறந்தே, அப்புறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்."

இதற்கு முன்னால் அவன் கை ஓங்கியது இரண்டே முறை. இரண்டு முறையும், வேலை அலுப்பு, பாவம் என்று அவள்தான் அவனுக்காகச் சாக்குச் சொல்லிக்கொண்டாள். இந்த முறை சாக்கு எதுவும் வாய்க்கு வரவில்லை.

அவன் விட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மருதம்மாள் தன் பழைய மோட்டார் சைக்கிளைக் கிளப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அறுபத்திரண்டு வயதிலும் விடியலில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கப் போகிறவள். அந்த வண்டியில்தான் போவாள்.

"ஏறு. பிச்சை வீட்டுக்குத்தானே போகணும்?"

செம்மண் பாதையில் வண்டி குலுங்கியது. பிரிஜெட் அவள் காதருகே குனிந்து கேட்டாள். "உங்களுக்குத் தெரியும்தானே அத்தை? பதினஞ்சு வருசமா ஏன் சொல்லல?"

"என் மவனுக்கும் ஒருத்தி கிடைச்சாளேன்னு வாய மூடிக்கிட்டேன்" என்றாள் மருதம்மாள். "சூக்கா தானா தட்டிக் கொட்டிருச்சுன்னு போலீஸ்ல சொல்லச் சொல்லி பிச்சை காலப் பிடிச்சு அழுதவளும் நான்தான். தெரிஞ்சுக்க."

தோட்டத்தில் மிச்சமிருந்த லயத்தின் கடைசி வீடு பிச்சையுடையது. அவர் மனைவி தேவகி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி வாசலுக்கு வந்திருந்தாள். வண்டியிலிருந்து இறங்குவது யாரென்று கண்டதும், கையிலிருந்த பையை எறிந்துவிட்டு வந்து பிரிஜெட்டின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். மறுபடி ஒன்று. மருதம்மாள் குறுக்கே போகவில்லை. பிரிஜெட்டும் கையைத் தூக்கவில்லை.

"சிரிடி! இப்பச் சிரி பார்ப்போம்! என் புள்ள தாடை உடைஞ்சு கெடக்கான்!"

"தேவகி, விடு" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

பிச்சை வெளியே வந்தார். பிரிஜெட் அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இடது கண் இருந்த இடத்தில் தோல் மூடியிருந்தது. இடது காது ஒரு சின்ன உருண்டையாகச் சுருங்கியிருந்தது. வாய் ஒரு பக்கம் சேர்ந்து மூடாததால், துண்டால் அடிக்கடி ஒற்றிக்கொண்டே பேசினார்.

"நேத்து நீங்க மேடையில பேசுன வீடியோவ ஆறு தடவ பார்த்தோம் தாயி. ரெண்டு செம்பு தண்ணின்னு சொன்னீங்க. நான் அன்னைக்கு ஆளுங்க வர்ற வரைக்கும் கால்வாய்க்குள்ள மூஞ்சிய முக்கிக்கிட்டுக் கெடந்தேன். தண்ணி பத்தல."

பிரிஜெட் கை கூப்பினாள். "மன்னிச்சிருங்கண்ணே. எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

"அவன் செஞ்சத நான் எப்பவோ விட்டுட்டேன். அவன் பொண்டாட்டின்னும் பார்க்கல. இந்த லயத்துக்குக் குழாய்த் தண்ணி கேட்டு நீங்க ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சதப் பார்த்தேன். உங்களுக்குத்தான் ஓட்டுன்னு வீட்டுல சொல்லியிருந்தேன். என் மவன்கிட்டயும் சொன்னேன். நேத்து நீங்க சிரிச்ச பிறகு அவன் என் பேச்சக் கேக்கல."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். பிரிஜெட் அந்த மண்தரையிலேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

தேவகி எறிந்த பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "இங்க அழுது என்ன ஆகப் போகுது? இங்க யாரும் சிரிக்கல. சிரிச்ச இடத்துல போய்ச் சொல்லு."

சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் பாசார் என்ற சந்தைக்குப் பக்கத்துத் திடலில் கூட்டம். காலை அடிதடி வீடியோ ஊரெல்லாம் சுற்றியிருந்தது. முந்நூறு பேர் வரும் இடத்தில் எண்ணூறு பேர். வசந்தனின் கூட்டாளிகள் முப்பது நாற்பது பேர் மோட்டார் சைக்கிளில் வந்து மேடைக்கு இடது பக்கம் நின்றார்கள். யாரும் இறங்கி உட்காரவில்லை. முன்வரிசையில் தேவகி, நாற்காலி கொடுத்தும் வாங்காமல் நின்றாள்.

"நான் சொல்றதக் கேளுங்க" என்று மேடைப் படியில் தர்மலிங்கம் கெஞ்சினார். "புருசன் கதைக்கும் தேர்தலுக்கும் சம்பந்தமில்லன்னு ஒரே வரி. அதோட நிறுத்திக்குங்க. ஊத்துனது உண்மைன்னு சொன்னீங்க, தொகுதியத் தட்டுல வச்சு எதிர்க்கட்சிக்குக் குடுத்த மாதிரி."

காளிதாசன் ஏற்கெனவே மேடையில் இருந்தான். சட்டையை மாற்றியிருந்தான். கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

பிரிஜெட் மைக்கை எடுத்தாள். வீங்கிய கன்னத்தையும் கிழிந்த உதட்டையும் பார்த்துக் கூட்டம் முணுமுணுத்தது.

"புருசனோட பழைய கதை பொண்டாட்டி தேர்தலுக்குத் தேவையான்னு உங்ககிட்ட நிறையத் தடவ கேட்டேன். நீங்க கை தட்டுனீங்க. நேத்து நான் ஒரு கதை சொன்னேன். அதுக்கும் சிரிச்சீங்க. அது பொய்."

திடல் அடங்கிப்போனது. பாசாரில் கோழி வெட்டுகிறவன்கூடக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான்.

"கல்யாண வீடும் இல்ல, ஊறுகாயும் இல்ல. அந்தச் சூக்கா..."

காளிதாசன் பாய்ந்து வந்து அவள் காதோடு சேர்த்து அறைந்தான். அவள் மேடைப் பலகையில் விழுந்தாள். மைக் உருண்டு ஸ்பீக்கரில் கீச்சிட்டது. பெண்கள் அலறினார்கள். அவள் முழங்காலிட்டுப் போய் மைக்கை எட்டிப் பிடித்தாள்.

"பால் உறைய ஊத்துற சூக்கா! தண்ணி கலக்காதது! பிச்சையண்ணன் மூஞ்சியில என் புருசன் ஊத்துனாரு! தெரியாம நான் சிரிச்சேன். பிச்சையண்ணே, தேவகியக்கா, இத்தனை பேர் முன்னாடி கேக்குறேன், என்னை மன்னிச்சிருங்க!"

காளிதாசன் மைக் நிறுத்தியிருந்த இரும்புக் கம்பியைத் தூக்கினான். அது அவள் தோளில் இறங்கியது. எலும்பு முறியும் சத்தம் அவள் காதுக்கே கேட்டது. இடது கை செத்ததுபோல் தொங்கியது. மைக் வலது கையிலேயே இருந்தது.

இரண்டாம் முறை கம்பியை ஓங்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

இடது பக்கம் நின்றவர்கள் மேடையில் ஏறினார்கள். ஒருவன் காளிதாசனின் காலை வாரினான். மற்றவர்கள் வேட்டியைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினார்கள். நாற்காலிகள் மேலெழுந்து இறங்கின. ஒருவன் ஹெல்மெட்டால் அடித்தான். "இது வசந்தனுக்குடா! இது பிச்சை மாமாவுக்குடா!" என்று ஒவ்வொரு அடிக்கும் கணக்குச் சொன்னார்கள். நேற்று முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். தர்மலிங்கத்தைக் காணவே காணோம். இரண்டே இரண்டு போலீஸ்காரர்கள், உள்ளே நுழைய முடியாமல் ஓரத்தில் ஊதல் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

காளிதாசன் ஒருமுறை எழுந்தான். முகம் முகமாக இல்லை. யாரோ பின்மண்டையில் அடித்ததும் மறுபடி விழுந்தான்.

மருதம்மாள் மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

"பிரிஜி! நிறுத்தச் சொல்லும்மா! நீ சொன்னா கேப்பாங்கம்மா! எம் புள்ளயக் கொன்னுடுவாங்க! ஒரு வார்த்தை சொல்லு!"

அவள் சொன்னது சரிதான். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் எண்ணூறு பேரை ஒற்றைக் குரலில் அடக்கிவைத்தவள் பிரிஜெட். இப்போது சொன்னாலும் கேட்டிருப்பார்கள். தேவகியும் மற்ற எல்லாரையும் விட்டுவிட்டு அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரிஜெட் மைக்கை வாயருகே கொண்டு போனாள். பதினைந்து வருஷம் தன்னோடு படுத்து எழுந்தவனைப் பார்த்தாள். கால்வாய் விளிம்பில் தன்னைப் பார்த்துவிட்டு அவன் திரும்பிப் போய் அடித்த அந்த இரண்டு அடியும் கண்ணுக்குள் வந்தன. வாய் திறந்துதான் இருந்தது.

திடல் முழுக்க, நான்கு ஸ்பீக்கரிலும், அவள் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. நிறுத்துங்கள் என்ற ஒரு சொல் மட்டும் கேட்கவில்லை.